குருதியமுக்கத்தை உடல் எந்த மட்டத்தில் காக்கிறது?

வன்னியில் கிளினிக் நாளன்று விடியப்புறம் பஸ் ஏறி வந்தவர்கள் இலக்கத் துண்டை வாங்கிக்கொண்டு வாங்கில் நெருக்கியடித்து இருக்க, ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிடப்பட்டு, புயத்தில் பட்டி சுற்றப்பட்டு, ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியிலும் இரண்டு எண்கள் எழுதப்படுகின்றன. தரிப்பிடத்திலிருந்து விரைந்து நடந்து வந்த ஓர் அம்மாவுக்கு இருந்தவுடன் 154/92 என்று காட்டும் கருவி, கால்மணி நேரம் ஓய்ந்திருந்த பின் 136/84 என்று காட்டக்கூடும். கருவியில்தான் ஏதோ கோளாறு என்று பலரும் நினைப்பார்கள். இரண்டு அளவுகளும் சரியாகவே இருக்கலாம். கை இதயத்தின் உயரத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழே தொங்கினாலே ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இரசம் (கொப்பியில் எழுதப்படும் எண்களின் அலகு அதுவே) கூடும். அளக்கும்போது கதைத்துக்கொண்டிருந்தாலும், சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும் எண் ஏறும்.

உடல் குருதியமுக்கத்தை ஓர் எண்ணில் நிறுத்தி வைப்பதில்லை. ஒரு மட்டத்தைச் சுற்றி அதை ஏறவும் இறங்கவும் விட்டு, அந்த மட்டத்தைக் காக்கிறது. கணத்துக்குக் கணம் நிகழும் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும் பொறிமுறை ஒன்று, நாள்கணக்கில் மட்டத்தைத் தீர்மானிக்கும் பொறிமுறை இன்னொன்று. இந்த வேறுபாடு தெளிவானால் ‘பிறஷர்’ என்று நாம் சொல்லும் நோயின் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

நாடிகளுக்குள் இருக்கும் அமுக்கத்தை முதன்முதலில் அளந்தவர் இங்கிலாந்தின் மதகுருவான ஸ்டீபன் ஹேல்ஸ். அவர் 1733இல் வெளியிட்ட பதிவின்படி, கட்டிக் கிடத்தப்பட்ட ஒரு பெட்டைக் குதிரையின் நாடியில் செருகிய கண்ணாடிக் குழாயில் குருதி 8 அடி 3 அங்குல உயரத்துக்கு எழும்பியது. உயிருள்ள மனிதரில் குருதி சிந்தாமல் அளப்பதற்கு இத்தாலியரான ரிவா ரொச்சி 1896இல் கைப்பட்டியைக் கொண்டுவரவும், ரஷ்ய வைத்தியரான கொரொட்கொவ் 1905இல் பட்டிக்குக் கீழே காதுகுழலை வைத்துக் கேட்கும் ஒலிகளை விவரிக்கவும் வேண்டியிருந்தது. கிளினிக் கொப்பியில் மேலே எழுதப்படுவது இதயம் சுருங்கும்போதுள்ள அமுக்கம், கீழே எழுதப்படுவது அது தளர்ந்திருக்கும்போதுள்ள அமுக்கம். தளர்ந்திருக்கும் நேரம் நீளமானது என்பதால், சராசரியைக் காணக் கீழ் எண்ணுடன் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தின் மூன்றிலொரு பங்கைக் கூட்டுவது வழக்கம்; 120/80 என்றால் சராசரி ஏறத்தாழ 93. உடல் காக்க முனைவது இந்தச் சராசரியையே.

அந்தச் சராசரி இரண்டு காரணிகளின் பெருக்கமாக அமைகிறது. ஒன்று, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் குருதியின் அளவு. ஓய்ந்திருக்கும் வளர்ந்தவரில் அது ஏறத்தாழ 5 லீற்றர். மற்றையது, அந்தக் குருதிக்குக் குழாய்கள் காட்டும் தடை. தடையின் பெரும்பங்கு பெரிய நாடிகளில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத புன்னாடிகளில் இருக்கிறது. தடை, குழாயின் ஆரையின் நாலாம் வலுவுக்கு நேர்மாறாக மாறும். ஆரை பாதியானால் தடை 16 மடங்காகும்; பத்திலொரு பங்கு குறைந்தாலே தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். புன்னாடிகளின் சுவரில் சுற்றியிருக்கும் மெல்லிய தசை சற்றே இறுகினாலோ தளர்ந்தாலோ உடல் முழுவதன் அமுக்கமும் அசைந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

முதலில் விரைவான பொறிமுறையைப் பார்ப்போம். முல்லைத்தீவுப் பக்கம் கச்சான் பிடுங்கும் காலத்தில், மணிக்கணக்காகக் குந்தியிருந்து செடியை இழுத்தவர் சட்டென்று எழும்பினால், 500 முதல் 800 மில்லிலீற்றர் வரையான குருதி சில கணங்களில் கால்களின் நாளங்களிலும் வயிற்றுப் பகுதியிலும் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைவதால் அது வெளியே தள்ளுவதும் குறைகிறது. மூளைக்குச் செல்லும் அமுக்கம் சரிகிறது. கண் இருட்டிக்கொண்டு வருவது அந்தக் கணத்தில்தான். ஆயினும் பெரும்பாலானோர் விழுவதில்லை. கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருநாடியின் வளைவிலும் சுவரோடு பின்னியிருக்கும் நரம்பு முனைகள், சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை ஒவ்வோர் இதயத் துடிப்பிலும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. விரிவு குறைந்ததும் அவற்றின் துடிப்பலைகளும் குறைகின்றன. ஒன்பதாம், பத்தாம் மண்டை நரம்புகளின் வழியாக அச்செய்தி மூளையின் அடியிலுள்ள நீள்வளைய மையவிழையத்தைச் சேர்கிறது. அங்கிருந்து இரண்டு கட்டளைகள் கிளம்புகின்றன. இதயத்தை அடக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பு பிடியைத் தளர்த்துவதால் அடுத்த ஓரிரு துடிப்புகளிலேயே இதயம் வேகமெடுக்கிறது. உடலை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் புன்னாடிகளை இறுக்கி, நாளங்களையும் இறுக்கி, தேங்கிய குருதியை மேலே தள்ள இன்னும் சில கணங்கள் எடுக்கின்றன. எழும்பியவர் ஒரு மூச்சு விட்டு நிதானிப்பதற்குள் முழு வேலையும் முடிந்துவிடுகிறது.

முடியாத சந்தர்ப்பங்களும் உண்டு. வைகாசி வெயிலில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்து, நெருக்கத்துக்குள் அசையாமல் நின்ற ஒருவர் மயங்கி விழுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அசையாமல் நிற்பவரின் கணுக்கால் நாளங்களில் அமுக்கம் 90 மில்லிமீற்றர் இரசம் வரை செல்லும். நடப்பவருக்குக் கெண்டைக்காற் தசைகள் குருதியைப் பிழிந்து மேலே அனுப்புவதால் அது வெகுவாகக் குறையும். வெப்பம் தோலின் குழாய்களை விரிக்கிறது, வியர்வை குருதியின் கனவளவைக் குறைக்கிறது, நிற்பதால் கால்களில் தேங்குகிறது. இந்த மூன்றும் ஒன்றுசேரும்போது ஈடுசெய்யும் பொறிமுறை தன் எல்லையைத் தொடுகிறது. சிலரில் அது திடீரெனத் தலைகீழாகி இதயத் துடிப்பே மந்தமாகிறது. விழுந்ததும் அவர் படுத்த நிலைக்கு வந்துவிடுவதால் மூளைக்குக் குருதி தானாகவே போய்ச் சேருகிறது. சுற்றி நிற்பவர்கள் அவசரப்பட்டு அவரைத் தூக்கி இருத்துவதுதான் இதில் செய்யப்படும் பெரிய பிழை. கால்களைச் சற்று உயர்த்திப் படுக்க விடுவதே நல்லது.

கழுத்து நாடியிலிருந்து வரும் இந்தக் காவல் குருதியமுக்கத்தின் மட்டத்தையும் தீர்மானிக்கிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1973இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கைற்றனும் அவருடைய சகாக்களும் நாய்களில் அந்த நரம்புகளைத் துண்டித்துவிட்டு இரவு பகலாக அமுக்கத்தைப் பதிந்தார்கள். நாய் படுத்தால், எழுந்தால், குரைத்தால், உண்டால் அமுக்கம் தாறுமாறாக ஏறி இறங்கியது. ஆனால் நாள் முழுவதற்குமான சராசரி பெரிதாக மாறவில்லை. அந்த நரம்புகள் ஏற்ற இறக்கத்தை ஒடுக்குகின்றனவே தவிர மட்டத்தை வகுப்பதில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. அதுமட்டுமல்லாமல், அமுக்கம் ஓரிரு நாள்கள் உயர்ந்தே இருந்தால் அந்த நரம்பு முனைகள் உயர்ந்த அளவையே வழமையானதாக ஏற்று, அதைக் காக்கத் தொடங்கிவிடுகின்றன.

விரைவான பொறிமுறை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைக் குருதி இழப்பில் காணலாம். இரத்ததான முகாமில் ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் கொடுத்தவர் சற்று ஓய்ந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். அவருடைய அமுக்கம் அநேகமாக மாறுவதே இல்லை. உடலிலுள்ள குருதியின் மூன்றிலொரு பங்கை நெருங்கும்வரை மேல் எண் தெளிவாக வீழாமலும் இருக்கலாம். அதுவரை உடல் தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குருதியைக் குறைத்து மூளையையும் இதயத்தையும் காப்பாற்றுகிறது. காயப்பட்டவரின் கை சில்லிட்டு வெளிறியிருப்பதையும், அவர் “தண்ணி, தண்ணி” என்று கேட்பதையும் வன்னியில் நடுத்தர வயதைத் தாண்டிய பலர் தம் கண்ணால் கண்டிருக்கிறார்கள். சில்லிடுவது பரிவு நரம்புகளின் இறுக்கம். தாகம், பின்னே சொல்லப்போகும் அஞ்சியோடென்சின் என்னும் பொருள் மூளையில் எழுப்பும் கட்டளை.

டெங்குக் காய்ச்சலிலும் இதே ஏமாற்று நிகழ்கிறது. மயிர்த்துளைக் குழாய்கள் கசிந்து குருதியின் நீர்ப்பகுதி வெளியேறும்போது மேல் எண் 100இல் நின்றுகொண்டிருக்க, புன்னாடிகளின் இறுக்கத்தால் கீழ் எண் 85 வரை ஏறிவரக்கூடும். ‘நூறு இருக்குத்தானே’ என்று வீட்டார் ஆறுதலடையும் அதே நேரத்தில், இரண்டு எண்களுக்குமான இடைவெளி 20க்குக் கீழே போய்விட்டதைக் கண்டு வாட்டில் உள்ளவர்கள் ஓடித் திரிவார்கள். அங்கே எண்ணைத் தாங்கிக்கொண்டிருப்பது உடலின் கடைசிச் சேமிப்பு.

இனி மட்டத்துக்கு வருவோம். கைற்றன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு வாதாடியது, நீண்டகால மட்டம் சிறுநீரகத்திலேயே தீர்மானமாகிறது என்பதற்காகத்தான். குருதியமுக்கம் கூடினால் சிறுநீரகம் வெளியேற்றும் உப்பும் நீரும் கூடும். குறைந்தால் அவை குறையும். நாம் உட்கொள்ளும் உப்பும் சிறுநீரகம் வெளியேற்றும் உப்பும் எந்த அமுக்கத்தில் சமமாகின்றனவோ அந்த அமுக்கத்தில் உடல் வந்து நிற்கும். மாரியில் நிரம்பி வழியும் குளத்தோடு இதை ஒப்பிட்டால் வன்னியில் எவருக்கும் விளங்கும்: வரத்து எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் நீர்மட்டம் ஈற்றில் நிற்பது வான்கட்டின் உயரத்தில்தான், வான்கட்டை உயர்த்தினால் குளம் அந்தப் புதிய உயரம் வரை ஏறியே வான் பாயும். உயர் குருதியமுக்கம் என்பது சிறுநீரகத்தின் அந்தக் கட்டு உயர்ந்துபோன நிலை. உப்பை வெளியேற்றும் வேலை அப்போதும் குறைவின்றியே நடக்கிறது. கூடிய அமுக்கம் இருந்தால்தான் நடக்கிறது என்பதே வித்தியாசம்.

சிறுநீரகத்தின் வேலை எத்தகைய நுட்பத்தில் நடக்கிறது என்பதை ஒரு கணக்கே காட்டும். இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. அதில் கரைந்திருக்கும் கறியுப்பின் நிறை ஒன்றரைக் கிலோவை நெருங்கும். ஆனையிறவு உப்பைப் பொதியாக வாங்குபவர்கள் அந்த அளவைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். அதில் 99 சதவீதத்துக்கும் மேலானது திரும்ப உறிஞ்சப்பட்டு, உண்ட சில கிராம்களுக்குச் சமமானது மட்டுமே சிறுநீரில் வெளியேறுகிறது. இந்த மீளுறிஞ்சலில் நூற்றிலொரு பங்கு பிசகினால்கூடச் சில நாள்களில் உடலின் உப்பு இருப்பு மாறிவிடும். மிஞ்சி நிற்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டை ஏற்றி இறக்கும் ஓமோன்களில் முதன்மையானவை ஒரு தொடராக இயங்குகின்றன. சிறுநீரகத்துக்குள் நுழையும் புன்னாடியில் அமுக்கம் குறைந்தாலோ, நுண்குழாயின் முடிவை எட்டும் உப்புக் குறைந்தாலோ, பரிவு நரம்புகள் தூண்டினாலோ அங்குள்ள கலங்கள் ரெனின் என்ற நொதியத்தை விடுகின்றன. முயற் சிறுநீரகச் சாற்றில் அதைக் கண்டறிந்து 1898இல் வெளியிட்டவர்கள் சுவீடனில் பணியாற்றிய டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும். ஈரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, நுரையீரல் குழாய்களின் உட்சுவரிலுள்ள இன்னொரு நொதியம் அதை மறுபடி வெட்ட, அஞ்சியோடென்சின் உருவாகிறது. அது புன்னாடிகளை இறுக்குகிறது, தாகத்தை எழுப்புகிறது, சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிறது, அதிரீனல் சுரப்பியிலிருந்து அல்டோஸ்தரோனை வரவழைத்து அதே வேலையை இன்னும் நீண்ட நேரத்துக்குச் செய்விக்கிறது. எதிர்ப்பக்கத்தில், குருதி மிகுந்து இதயத்தின் மேலறைகள் விரியும்போது அவையே ஓர் ஓமோனைச் சுரந்து உப்பை வெளியேறச் சொல்கின்றன என்பதை 1981இல் கனடாவில் டி போல்ட் காட்டினார். இதயம் வெறும் பம்பி என்ற எண்ணம் அதோடு கலைந்தது.

சிறுநீரகத்தின் பங்குக்கான சான்றுகள் பலமானவை. 1934இல் கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரக நாடியை ஒரு பிடியால் ஒடுக்கியதும் அவற்றின் குருதியமுக்கம் உயர்ந்து அப்படியே நின்றது. நீண்டகால உயர் குருதியமுக்கத்தால் சிறுநீரகம் செயலிழந்த சிலருக்கு, அந்நோய் இல்லாதவர்களின் சிறுநீரகம் பொருத்தப்பட்ட பின் மருந்தின்றியே அமுக்கம் வழமைக்கு வந்ததை 1983இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பதிந்தது. 1990களில் லிஃப்டன் முதலானோர், ஒற்றை மரபணுப் பிசகால் குருதியமுக்கம் மிக உயரும் அரிய குடும்பங்களை ஆராய்ந்தபோது, அந்தப் பிசகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுநீரகம் உப்பைக் கையாளும் வழியிலேயே வந்து நின்றன. எனினும், பரிவு நரம்புகளும் குழாய்ச் சுவரும் மட்டத்தை நிர்ணயிப்பதில் தனிப் பங்கு வகிக்கின்றன என்று வாதிடுவோர் இன்றும் உள்ளனர். சிறுநீரகத்துக்கே செல்லும் பரிவு நரம்புகள் அதன் உப்புக் கணக்கை மாற்றுகின்றன என்பதால் இரு தரப்பும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதே என் கணிப்பு.

வன்னியில் இந்த உப்புக் கணக்கு இரு பக்கமும் இழுபடுகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பையே பரிந்துரைக்கிறது. கருவாட்டுக் குழம்பும் சம்பலும் ஊறுகாயும் உள்ள சாப்பாட்டில் அந்த எல்லை மத்தியானத்தோடு தாண்டிவிடும். மறுபக்கம், சித்திரை வெயிலில் வேலை செய்பவர் வியர்வையில் லீற்றர் கணக்கில் நீரையும் அதனோடு உப்பையும் இழக்கிறார். கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டும் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் வரை குருதி திருப்பப்படலாம். அப்படிப்பட்டவர் பழஞ்சோற்றுத் தண்ணியில் உப்புப் போட்டுக் குடிப்பதை எவரும் பிழை சொல்ல முடியாது. அதே பழக்கத்தை, நிழலில் இருந்து கடை நடத்தும் அவருடைய தமையனும் பின்பற்றும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது.

சிறுநீரகம் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்து வவுனியாப் பகுதியிலும் காணப்படும், காரணம் உறுதியாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயில், தொடக்க காலத்தில் குருதியமுக்கம் பெரும்பாலும் வழமையாகவே இருக்கும், அல்லது சற்றே உயர்ந்திருக்கும். நோய் முதலில் தாக்குவது வடிக்கும் முடிச்சுகளைவிட நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும்தான். ஆதலால் ‘பிறஷர் இல்லை, ஆகவே கிட்னி நல்லாய்த்தான் இருக்கும்’ என்ற முடிவு இந்த நிலப்பரப்பில் ஆபத்தானது. விவசாயம் செய்யும் குடும்பங்களில், சிறுநீரகம் வடிக்க வேண்டிய ஒரு கழிவைக் குருதியில் அளக்கும் கிரியற்றினின் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் குருதியமுக்க அளவீட்டுக்குப் பதிலீடாக அல்லாமல் அதனோடு சேர்த்துச் செய்யப்பட வேண்டியவை.

கிளினிக்கில் கொடுக்கப்படும் குளிசைகள் ஒவ்வொன்றும் மேலே சொன்ன சங்கிலியின் ஏதோவொரு கண்ணியில் கைவைக்கின்றன. ஹைட்ரோகுளோரோதயசைட்டு சிறுநீரகத்தை உப்பை விடச் செய்கிறது. அம்லோடிப்பின் புன்னாடித் தசையைத் தளர்த்துகிறது. எனலப்பிரில் அஞ்சியோடென்சின் உருவாவதையும் லொசார்ட்டன் அது வேலை செய்வதையும் தடுக்கின்றன. அட்டெனோலோல் இதயத்தை மந்தப்படுத்துவதோடு ரெனினையும் குறைக்கிறது. எனலப்பிரிலின் வகையில் முதலாவதாக 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கப்டொப்பிரில், பிரேசில் நாட்டு ஜராராக்கா என்னும் விரியன் வகைப் பாம்பின் விஷத்திலிருந்து கிடைத்த தடயத்தைப் பின்பற்றி உருவாக்கப்பட்டது. வயல் வரம்பில் புடையனுக்குப் பயந்து ரோர்ச்லைட் அடித்து நடப்பவர்கள் இதைக் கேட்டால் சற்று வியக்கக்கூடும்.

எந்தக் குளிசை போனாலும் உடல் அதை எதிர்க்கிறது. உப்பை வெளியேற்றினால் ரெனின் ஏறுகிறது. குழாய்களைத் தளர்த்தினால் இதயம் வேகமெடுக்கலாம், சிறுநீரகமும் உப்பைப் பிடிக்கலாம். ஒரே குளிசையை இரட்டிப்பதைவிட, வேறு கண்ணியில் கைவைக்கும் இரண்டாவது குளிசையைச் சிறிய அளவில் சேர்ப்பதை வைத்தியர்கள் பலவேளை விரும்புவது இதனால்தான். பிரசொசினை முதன்முறை விழுங்குபவரைப் படுக்கைக்குப் போகும் நேரத்தில் எடுக்கச் சொல்வதும், பரிவு நரம்புகளின் பிடி திடீரென விடுபட்டு அவர் எழும்பும்போது விழக்கூடும் என்பதாலேயே.

“குளிசை போட்டு நூற்றிருபதுக்கு வந்திட்டுது ஐயா, அதுதான் விட்டிட்டன்” என்று கிளினிக்கில் சொல்பவரின் நியாயம் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் பொருந்தும். இங்கே பொருந்தாது; அவருடைய சிறுநீரகம் காக்க முயலும் மட்டம் உயர்ந்தபடியே இருக்க, குளிசை அதை நாளாந்தம் கீழே அழுத்தி வைத்திருந்தது. அட்டெனோலோலை ஒரேயடியாக நிறுத்தினால் நெஞ்சுப் படபடப்பும் அமுக்கமும் ஒருசில நாள்களிலேயே எகிறலாம், இதய நோயுள்ளவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். அம்லோடிப்பின் அப்படியல்ல. அதன் அளவு குருதியில் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணித்தியாலம் வரை எடுக்கும். ஆகவே திங்கட்கிழமை நிறுத்தியவர் புதன்கிழமை பக்கத்து மருந்துக்கடையில் அளந்து பார்த்தால் எண் நன்றாகவே இருக்கும். தனக்குக் குளிசை தேவையில்லை என்பது நிரூபணமாகிவிட்டதாக அவர் எண்ணிக்கொள்வார், அடுத்த வாரம் அளக்கவும் மாட்டார்.